அவள் தாண்டிவிட்ட சங்கீதம்

பதினொன்றுக்கு அடுத்து பதினைந்து எப்படி வரும்?

பஸ்ஸில் வானத்தார் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உயரமான கிரேனின் உச்சியில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து சுமை தூக்குபவர் என்பதால் கட்டட ஆட்கள் வைத்த பெயர் அது. இரண்டு வாரம் முன்புவரை பொருத்தமான பெயர்தான். ஒரு செவ்வாய்க்கிழமை சுமையைக் கட்டிய பட்டை அறுந்து, நாலாவது மாடி உயரத்திலிருந்து கம்பிக்கட்டு விழுந்தது. கீழே கொக்கி மாட்டும் வேலையில் இருந்த அவர் மச்சானுக்கும் அதற்கும் ஒரு முழம்தான் இடைவெளி.

பட்டையில்தான் பழுது, யார் மேலும் தப்பில்லை என்று விசாரணையில் முடிவானது. ஆனால் கிரேன் ஏணியில் பதினொரு மேடைகள். மூன்று நாள் ஏறியும் மூன்றாவது மேடையைத் தாண்ட முடியாமல் இறங்கிவிட்டார். இன்றும் இறங்கினால் நாளை வேறு ஆள். அவருக்குக் கிடங்கில் கையுறை எடுத்துக் கொடுக்கும் வேலை.

வேலைக்குச் சீக்கிரம் கிளம்பிவிடும் மனைவி, தினமும் காலையில் பைபிளிலிருந்து ஒரு சங்கீதத்தைத் தன் குரலில் படித்து அனுப்புவாள். அவர் அதைச் சொல்லி ஜெபித்துவிட்டு ஏற வேண்டும் என்பது ஏற்பாடு. இன்றுதான் எண்ணைக் கவனித்தார்: நேற்று பதினொன்று, இன்று பதினைந்து. உடனே போன் போட்டார்.

"ஏம்மா, நடுவுல மூணு எங்க போச்சு?"

"நல்லதா பார்த்து எடுத்தேங்க."

"தக்காளியா, பொறுக்கி எடுக்க?"

"அதெல்லாம் ஒரே அழுகைங்க. நீங்க இருக்கிற இருப்புல அது வேறயா?"

"இன்னிக்கு அனுப்பினியே, அதுல என்ன இருக்கு தெரியுமா? மாசில்லாம நடக்கறவன்தான் ஆண்டவரோட மலையில இருப்பானாம். நான் நாலாவது மேடையையே இன்னும் பார்க்கலை."

"இறங்கற இடம் வந்துடுச்சு" என்று பொய் சொல்லிப் போனை வைத்தார். பிறகு அவரே பதின்மூன்றைத் தேடி எடுத்தார். சின்னதுதான். படித்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆண்டவரிடம் இப்படியா சட்டையைப் பிடித்துக் கேட்பார்கள்?

எட்டு மணி. ஏணியடியில் நின்று மூன்றாவது முறையாகப் பாதுகாப்பு பெல்ட்டை இழுத்துப் பார்த்தார். ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினார். தண்ணீர் குடித்தார். மறுபடி பெல்ட்.

"மாமா, இன்னொரு தடவை இறுக்கினா இடுப்பே ரெண்டாயிடும்" என்றான் மச்சான்.

"சும்மா இருடா."

"வானத்தாரே, ஏறப்போறீங்களா, இல்லையா?" என்று கேட்டார் மேற்பார்வையாளர்.

ஏறினார். முதல் மேடைக்கு முன்பே கை வியர்த்துவிட்டது. பஸ்ஸில் படித்தது நினைவில் பாதிதான் நின்றது; மீதியைத் தன் பேச்சிலேயே கேட்டார்.

"எத்தனை நாளைக்குய்யா இப்படி? என்னை மறந்தே போயிட்டீங்களா? கண்ணை மூடினா கம்பி விழுது. மச்சான் ஒண்ணும் நடக்காத மாதிரி சிரிக்கிறான், அதைப் பார்த்தா இன்னும் பயமா இருக்கு. அவனுக்கு ஏதாவது ஆகியிருந்தா, அவன் அக்கா முகத்துல நான் எப்படி முழிச்சிருப்பேன்? சொல்லுங்க! மேல இருந்து பார்த்துட்டுத்தானே இருந்தீங்க? நானும் மேலதான் இருந்தேன்!"

மூச்சு வாங்கியது. நின்றார். தூணில் பெயின்டால் எழுதியிருந்தது: 6.

மூன்றை எப்போது தாண்டினோம் என்றே தெரியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு பெல்ட்டைச் சரி செய்தார். உடனே இடுப்பிலிருந்த வாக்கி-டாக்கி கரகரத்தது.

"மாமா... பட்டன் பெல்ட்டுக்கு அடியில அமுங்கி இருந்துச்சு. எல்லாம் கேட்டுச்சு."

"எல்லாம்னா?"

"எல்லாம்தான். மேற்பார்வையாளர் ஹெல்மெட்டைக் கழட்டிட்டு நிக்கிறாரு. விதிப்படி அவருக்குத்தான் இப்ப அபராதம் போடணும்."

வானத்தாருக்கு மானம் போனது. இறங்கிவிடலாமா என்று கீழே பார்த்தார். மனிதர்கள் மஞ்சள் புள்ளிகளாகத் தெரிந்தார்கள்.

"மாமா," மச்சான் குரல் தணிந்தது. "எனக்கும் கண்ணை மூடினா அதேதான். சிரிச்சா போயிடும்னு பார்த்தேன். போகலை. அக்காகிட்ட சொல்லிடாதீங்க. சங்கீதத்துல அதுக்கப்புறம் என்ன வருது? பாதியில நிறுத்திட்டீங்க."

"கடைசியில பாட்டு வருது. ஆண்டவர் எனக்கு நன்மை செஞ்சாருன்னு எழுதினவரு பாடுறாரு. அது எனக்கு வரலை மச்சான்."

"வரலைன்னா விடுங்க. வர்றதைக் கேளுங்க. எனக்கும் சேர்த்து."

வானத்தார் இந்த முறை தெரிந்தே பட்டனை அமுக்கினார். "எங்க ரெண்டு பேரையும் எத்தனை நாளைக்கு..." என்று தொடங்கினார். ஏழு. எட்டு. ஒன்பதில் உட்கார்ந்துவிட்டார். பத்துக்கு ஏறக் கால் மணி நேரம் ஆனது. கீழிருந்து யாரும் அவசரப்படுத்தவில்லை.

கூண்டுக்குள் வந்து உட்கார்ந்தார். முதல் சுமை பலகைக்கட்டு. மச்சான் கொக்கி மாட்டிக் கையசைத்தான். தரையிலிருந்து ஒரு சாண் மட்டும் தூக்கி நிறுத்தினார். மச்சான் சுற்றி வந்து பட்டை ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தான்.

"கட்டு சரி. தூக்குங்க மாமா."

"நீ விலகி நில்லு."

"விலகிட்டேன்."

"இன்னும் தள்ளு."

"இதுக்கு மேல தள்ளினா வீட்டுக்கே போயிடுவேன்."

"தள்ளுடா!"

இன்னும் நாலடி தள்ளிப் போனான். வானத்தார் உள்ளங்கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு நெம்புகோலைப் பிடித்தார். கட்டு எழும்பியது. இரண்டாவது மாடி, மூன்றாவது. நாலாவது வந்தபோது கண்ணை மூடத் தோன்றியது, மூடவில்லை. எத்தனை நாளைக்கு, எத்தனை நாளைக்கு என்று வாய் மட்டும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. கட்டு நாலைக் கடந்து ஐந்தாவது மாடித் தளத்தில் இறங்கி உட்கார்ந்தது.

"அடுத்த கட்டு ரெடி மாமா," என்றது வாக்கி-டாக்கி.