ஏழாவது தவறு

நோயெமி எங்கள் மேசைக்கு வந்து நின்றபோது நாங்கள் ஒரு நிலவின் நிறத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். பாலைவன நகரமான யூமாவில், ஞாயிறு காலை, டோனட் கடையில். லெட்யூஸ் கீரையைக் குளிரூட்டும் கொட்டகையில் இரவுப் பணி முடிந்ததும் நான் நேராக அங்கேதான் போவேன். ஸ்ட்ரூப் எனக்கு முன்பே வந்திருப்பார். காப்பீட்டு முகவராக இருந்து ஓய்வு பெற்றவர். டென்னி கடைசியாக வந்து முதலில் பேசுவான். ‘ஒன்பதாவது கரை’ 1981இல் வெளிவந்தபோது அதில் நிலவு பழுப்பு நிறம். 1998இல் இயக்குநர் படத்தைத் திருத்தி மறுபடி வெளியிட்டபோது நீலமாக்கிவிட்டார். பழுப்புதான் படம் என்பார் ஸ்ட்ரூப். எடுத்தவனுக்கு மாற்ற உரிமை கிடையாதா என்பான் டென்னி. இருபத்தோரு வருடமாக இதே பேச்சு. வேலையற்றவர்கள் என்று நினைக்கலாம். வேலை இருந்தது. அதனால்தான் இது தேவைப்பட்டது.

அவளுக்கு நாற்பதைத் தாண்டிய வயது. பள்ளிப் பேருந்து ஓட்டுநரின் நீலச் சட்டை. உட்காரவில்லை. பழைய படச்சுருள் எங்களில் யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டாள். எதற்கு என்று ஸ்ட்ரூப் கேட்டார். சந்தேகப் புத்தி அவருக்கு.

அவள் நின்றபடியே சொன்னாள். அந்தப் படத்தின் அகதிகள் காட்சியை இங்கே மணல்மேடுகளில் எடுத்தார்கள். அகதிகளாக நடந்தவர்கள் லெட்யூஸ் வயல்களில் அறுவடை செய்தவர்கள்தான். சாம்பல் நிறப் போர்வை கொடுத்து மேட்டில் ஏறச் சொன்னார்கள். வலது ஓரத்தில் ஏறியவள் அவள் அம்மா எலோய்சா. அடுத்த குளிர்காலம் கூலியாட்களின் பேருந்து கால்வாயில் கவிழ்ந்தபோது அதில் இருந்தாள். வீட்டில் அம்மாவின் மூன்று புகைப்படங்கள் இருக்கின்றன. மூன்றிலும் தொப்பி நிழல் முகத்தை மறைக்கிறது. வீடியோ கேசட்டில் படத்தின் இரண்டு ஓரங்களும் வெட்டுப்பட்டிருந்தன. பெரிய திரையை அப்படியே காட்டும் குறுந்தகட்டை வாங்கிப் போட்டுப் பார்த்தால், அம்மா இருக்க வேண்டிய இடத்தில் கணினியில் செய்த ஆறுகால் பொதிமிருகம் ஒன்று மேடேறிக்கொண்டிருக்கிறது.

“அட, நம்ம மாடு,” என்றான் டென்னி.

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. டோனட்டைத் தட்டில் வைத்தான்.

“எந்த மாடு?” என்று கேட்டாள்.

“இல்லக்கா... அது ஒரு பட்டப்பேரு. நடக்கும்போது அவங்க கேமராவைப் பாத்துடுவாங்கல்ல, அதனால.”

“கேமராவைப் பாக்கல. நான் கேமராவுக்குக் கீழ மணல்ல உக்காந்து அழுதுட்டிருந்தேன். நாலு வயசு. என்னைத்தான் பாத்தா. எனக்கு ஞாபகம் இல்ல. பக்கத்துல இருந்த சித்தி சொன்னது,” என்றாள்.

அந்தப் பட்டப்பேரை வைத்தவன் நான். கல்லூரியை விட்டு வந்த வருடம், பத்தொன்பது வயதில், இணையத்தில் ஒரு பட்டியல் போட்டேன். படத்தில் நூற்றுப் பன்னிரண்டு தவறுகள். ஏழாவது: ‘வண்டி வெளிச்சத்தில் மிரண்ட மாடு போல ஒருத்தி லென்ஸை முறைக்கிறாள். யாராவது அவளைப் பிடித்துக் கட்டுங்கள்.’ என் வாழ்க்கையில் நான் எழுதியதில் அதிகம் பேர் படித்தது அதுதான். மூன்று வருடம் கழித்துத் திருத்திய படம் வந்தபோது, ரசிகர்கள் சுட்டிக்காட்டிய பிழைகளைச் சரிசெய்ததாக விளம்பரத்திலேயே போட்டார்கள். அன்று நான் பெருமைப்பட்டேன். மறுநாளே மூலத்தைச் சிதைத்துவிட்டார்கள் என்று கத்தும் கூட்டத்திலும் போய் நின்றேன். இரண்டும் எனக்கு இயல்பாகத்தான் இருந்தன.

ஸ்ட்ரூப் பணப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் அட்டையை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். உள்ளே நகம் அளவுக்கு ஒரு படத்துண்டு. கீழே அச்சு: ‘மாட்டைக் காப்பாற்றுங்கள்.’

“சுருள் எங்கிட்ட இருக்கு,” என்றார். “அந்த இடம் மட்டும் இல்ல. நான்தான் வெட்டுனேன்.”

எட்டு விநாடிக் காட்சி. நூற்றுத் தொண்ணூற்றிரண்டு படத்துண்டுகள். 1998இல் ஃபீனிக்ஸ் நகரத் தியேட்டர் வாசலில் ஒரு துண்டைக்கூடத் தொடாதே என்று கோஷம் போட வந்த எல்லோருக்கும் ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். மீதியை வர முடியாத ரசிகர்களுக்குத் தபாலில் அனுப்பினார். சுருள் ஏற்கெனவே சாயம் போய்ச் சிவந்திருந்தது, இனி யார் ஓட்டப்போகிறார்கள் என்று நினைத்ததாகச் சொன்னார். சொல்லும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை.

அவள் அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கட்டைவிரல் அச்செழுத்தை மூடியிருந்தது.

“இதுல முதுகுதான் தெரியுது,” என்றாள்.

என்னுடையது வண்டியில் இருந்தது. வாகன நிறுத்தத்துக்கு வந்து எடுத்துக் கொடுத்தேன். அதில் தலை பாதி திரும்பியிருக்கும். கன்னம் வரை தெரியும், கண் தெரியாது. அந்தப் பட்டியலை எழுதியது நான்தான் என்று அப்போது சொன்னேன். சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்பார்கள். இறங்கவில்லை.

“தெரியும்,” என்றாள். “அடியில உன் பேரு இருக்கே, லோவெல்னு. இந்தக் கடையோட விலாசமும் அங்கதான கெடச்சுது.” அதுவரை என்னை ‘நீங்க’ என்றுதான் சொல்லியிருந்தாள். “மத்ததையெல்லாம் வாங்கிக் குடு.”

ஐந்து மாதம் கடிதம் எழுதினேன். பணியிடத்தில் இடைவேளை அறையில் உட்கார்ந்து, கையுறையைக் கழற்றி, விரல் சூடேறும்வரை காத்திருந்து எழுதுவேன். நடந்ததை நடந்தபடி எழுதினேன். நிறையப் பேர் வீடு மாறியிருந்தார்கள். ஒருவன் அது சினிமா வரலாறு, தர முடியாது என்று நான்கு பக்கம் பதில் போட்டான். ஓஹாயோவிலிருந்து ஒரு விதவை, கணவரின் சட்டைப்பையில் வைத்தே அடக்கம் செய்துவிட்டோம், மன்னிக்கவும் என்று எழுதியிருந்தாள். மொத்தம் நாற்பத்தொன்று வந்து சேர்ந்தன. விநாடிக்கு இருபத்துநான்கு. இரண்டு விநாடிகூட இல்லை.

ஸ்ட்ரூப் ஒவ்வொன்றையும் துடைத்து, பெரிதாக்கிப் படமெடுத்து, மணலில் விழுந்த நிழலை அளந்து வரிசைப்படுத்தினார். மார்ச் மாத ஞாயிறு மதியம் அவர் வீட்டுக் கார் கொட்டகையில் கதவை இறக்கிவிட்டு, வெள்ளைச் சுவரில் ஓட்டிக் காட்டினார். சிவப்பு மணல். சிவப்புப் போர்வை. ஒருத்தி மேடேறுகிறாள், வெட்டு, தோள் திரும்புகிறது, வெட்டு, கன்னம், வெட்டு, முழு முகம், மறுபடி முதுகு. முழு முகம் இருந்தவை ஆறு துண்டுகள்.

பத்து முறை ஓடியது. நோயெமி மடக்கு நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டென்னிதான் ஆரம்பித்தான். நல்ல மனதோடுதான் சொன்னான். நடுவில் விட்டுப்போனதை இப்போது கணினியே வரைந்து நிரப்பிவிடும், அவன் மருமகன் செய்து தருவான், எட்டு விநாடியும் தடங்கலில்லாமல் ஓடும், எது அசல் எது வரைந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. நான் ஸ்ட்ரூப்பைப் பார்த்தேன். இந்த மாதிரிப் பேச்சுக்கு மேசையைக் குத்திக் கத்துகிற மனிதர். அவர் படம் காட்டும் கருவியின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அப்ப முகம் எந்தப் பக்கம் பாக்கும்?” என்று கேட்டாள் நோயெமி.

“நீங்க சொல்ற பக்கம் பாக்க வச்சிடலாம்க்கா.”

அவள் கொஞ்சநேரம் அதை யோசித்தாள் என்றே நினைக்கிறேன். ஆசைப்படாமல் இருந்திருக்க முடியாது. எட்டு விநாடி.

“வேண்டாம்,” என்றாள். “நான் சொல்லி அவ என்னைப் பாக்க வேணாம்.”

அந்த ஆறை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்ட முடியுமா என்று கேட்டாள். முடியும் என்றார் ஸ்ட்ரூப். கால் விநாடி வரும், அப்புறம் அதுவே மறுபடி வரும்.

அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள். சுவருக்கு எதிரே சிமெண்டுத் தரையில் எண்ணெய்க் கறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முகத்தைப் பார்த்தாள். இடப்புறம் ஒரு சாண் நகர்ந்தாள். மறுபடி பார்த்தாள். உயரம் சரியாக இல்லைபோல. முழங்காலைக் கட்டிக்கொண்டு, முதுகை வளைத்து, தலையைத் தாழ்த்திக்கொண்டாள். சுவரில் அந்தப் பெண் திரும்பினாள், திரும்பினாள், திரும்பினாள். நோயெமி இன்னும் கொஞ்சம் குனிந்தாள்.