வெட்டுத் துணியோடு ஒரு நோட்டு

அன்று காலை என் ஆய்வகக் கோட்டில் கழன்றிருந்த பொத்தானைத் தைத்துக் கொடுத்தார் என் கணவர். ஆண்களுக்கு மட்டுமே தைக்கிற தையல்காரர் அவர். அந்தக் கோட்டும் அவர் தைத்ததுதான். அதனால் பொத்தான்கள் ஆண்கள் சட்டையைப் போல வலப்பக்கம்.

"நாலு வருஷமா சொல்றேன், பக்கத்த மாத்துங்கன்னு."

"கை பழகிப்போச்சு, டாக்டரம்மா. நீ பட்டத்த வாங்கு, நான் பக்கத்த மாத்தறேன்."

கடைக்குப் போனவர் வெட்டும் மேசைமேலேயே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு.

மூன்று வாரத்தில் என் ஆய்வேடு இரண்டாம் முறையாகத் திரும்பி வந்தது. உப்புத் தண்ணீரில் விதை முளைப்பது பற்றிய ஆய்வு. உப்பு எந்த அளவைத் தாண்டினால் முளையே வராது என்று தேர்வாளர் கேட்டிருந்தார். மூன்று மாதத்தில் பதில் வேண்டும். அந்த விதையோ அடுத்த அறுவடைக்குத்தான் கிடைக்கும்.

முதல்முறை திரும்பியபோது என் கணவர் சொன்னார்: "பிரிச்சுத் தைக்க ஆல்ட்டருக்கு வந்திருக்கு, அவ்வளவுதான். துணியே வேணாம்னு யாரும் சொல்லலையே." இந்தமுறை அப்படிச் சொல்ல ஆளில்லை.

"விட்டுடலாம்னு இருக்கேன்" என்றேன் நாத்தனாரிடம். தன் அண்ணன் கடையில் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுப்பவள் அவள். அவள் ஒரு நோட்டை நீட்டினாள்.

"வெட்டுத் துணியோட கெடந்துச்சு, அண்ணி. உங்க எழுத்துதானே?"

முதல் வருட நோட்டு. அளவைத் தப்பாகப் படித்து உப்பை இரு மடங்காகக் கரைத்திருந்தேன். படிப்படியாக உப்பை ஏற்றி வைத்த நாற்பது தட்டில் முதல் மூன்றில்தான் முளை. அதற்குப் பிறகு அவ்வளவு உப்புக்கு நான் போகவே இல்லை. அவமானத்தில் குப்பையில் போட்ட நோட்டை அவர் எடுத்துவைத்திருக்கிறார். 'தையலுக்குள்ள ரெண்டு விரல் துணி விடணும், பிரிக்கறப்ப கைகொடுக்கும்' என்பார்.

மூன்றாம் தட்டுக்கும் நான்காம் தட்டுக்கும் நடுவில் இருந்தது தேர்வாளர் கேட்ட பதில். என் கணவரின் வெட்டும் மேசையில் உட்கார்ந்து, அளவுகளைத் திருத்திக் கணக்கிட்டு, அந்த அத்தியாயத்தை எழுதினேன்.

வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் கேட்டார்: "இவ்வளவு உப்பு வெச்சுப் பாக்கணும்னு எப்படித் தோணிச்சு?"

"தோணல சார். தப்பாக் கலந்துட்டேன்."

அறையே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். நான் தலைகுனியவில்லை.

வெளியே நாத்தனார் நின்றிருந்தாள். "இனிமே டாக்டரம்மான்னு கிண்டல்கூடப் பண்ண முடியாதே, அண்ணி. குடுங்க கோட்ட, பக்கத்த நான் மாத்தித் தரேன்."

கொடுக்கவில்லை. இப்போது எனக்கென்று ஓர் ஆய்வகம் இருக்கிறது. பொத்தான் இன்றும் வலப்பக்கம்தான்.