வாசலைப் பார்த்திருக்க வேண்டியவள்

அம்மருட் புறநகரில் ஒன்பதாம் மாடியில் இருந்துகொண்டே ஓர் எல்க் மானை வீட்டுக்கு அழைத்தவன் நான். லிஃப்டுக்குள் கொம்பு கொள்ளாததால் மட்டும்தான் அது கீழேயே நின்றுவிட்டது.

எல்லாம் நாங் குவாக்கின் வேலை. முழந்தாளிட்டு, ஒரு கையால் "வா, வா" என்று அழைக்கும் குட்டிப் பெண்சாமி பொம்மை. தாய்லாந்தில் கடைக்கு வாடிக்கையாளரை அழைத்துவருபவள் அவள்தானாம். அந்த நாட்டுக்காரியான எதிர்வீட்டுச் சோம்சி ஊருக்குப் போய் வந்தபோது கட்டைவிரல் அளவில் ஒன்று எனக்குத் தந்தாள். தினமும் சிவப்புச் சோடா வைத்து, யார் வரவேண்டுமோ அவர் பெயரை வாய்விட்டுச் சொல்லவேண்டும் என்றாள்.

எனக்கு வரவேண்டியது ஒரே ஒரு ஆள். வடக்கே துருவத்தை ஒட்டிய திரொம்சோ நகரில் இருக்கும் என் மகள் சாருகா. நான்கு வருடங்களுக்கு முன் அவளுடைய கலியாணத்துக்கு நான் போகவில்லை. அதற்குப் பிறகு அவள் இந்த வாசலுக்கு வரவில்லை. இதில் மட்டும் நான் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லவில்லை.

சாமி என்றால் கிழக்குப் பார்த்துத்தானே இருக்கவேண்டும்? பல்கனியை நோக்கி வைத்து, நெற்றியில் திருநீறும் பூசினேன். பெயர் சொல்லத்தான் வாய் வரவில்லை. "ஆராவது வரட்டும்" என்று முணுமுணுத்தேன். முதல் நாள் நாற்பது கடற்காகங்கள் வந்தன. மறுநாள் நானூறு.

மூன்றாம் வாரம் மான்.

அன்று தேத்தண்ணிக்கு வந்திருந்த என் சிநேகிதன், மன்னார்ப் பிலேந்திரன், பல்கனியில் நின்று அதைக் கைபேசியில் படம்பிடித்தான்.

"பாத்தியே மச்சான், என்ர ஆள் கூப்பிட்டவள்!"

"விசர்க்கதை கதையாதை. அது கீழ மரத்தில அப்பிள் தின்ன வந்தது."

"அப்ப உன்ர கழுத்தில தொங்குற அந்தோனியார் என்ன, சட்டைப் பொத்தானே?"

"அவர் வேற!"

மான் பார்க்க ஓடிவந்த சோம்சி பொம்மையைக் கண்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வெளியே பார்த்து அழைத்தால் வெளியில் திரிவதுதான் வரும், இவள் வாசலைப் பார்த்திருக்க வேண்டியவள் என்றாள். திருப்பி வைத்தேன். பெயரைச் சொன்னாயா என்று கேட்டாள்.

"சாருகா," என்றேன். "சாருகா வரட்டும். அப்பா பிழை விட்டிட்டன்."

பிலேந்திரனின் கைபேசி அப்போதும் படம்பிடித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. மானோடு சேர்த்து அதையும் எங்கள் சனத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். பனிக்கரடிகள்கூடப் பார்த்திருக்கும்.

சனிக்கிழமை நாங்கள் இருவரும் காட்ஸ் விளையாடிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. திறந்தேன். தோளில் பையோடு சாருகா. மூக்கு நுனி சிவந்திருந்தது.

"மான் எங்கையப்பா?"

"போட்டுது பிள்ளை. நீ உள்ள வா."

வந்தாள். வந்தவள் நாங் குவாக்கின் சிவப்புச் சோடாவை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள்.

பிலேந்திரன் காட்ஸைக் கீழே வைத்தான். சட்டைக்குள் அந்தோனியாரைத் தொட்டுக்கொண்டே பொம்மையை நெடுநேரம் பார்த்தான்.

"ஓம் மச்சான்," என்றான். "கூப்பிட்டவள்தான்."