போன வழி, வந்த வழி

பச்சை விளக்கு எரிந்துவிட்டால் வேலை முடிந்தது என்பது கேபிள் ஒட்டுகிறவர்களின் நினைப்பு. என் புருஷனும் அந்த ரகம்தான். அன்று காலை, பள்ளம் தோண்டும் வண்டி எங்கள் செல்போன் டவரின் கேபிளை அறுத்துப்போட்டது. அதில் செய்தி போவதற்கு ஒரு கண்ணாடி இழை, வருவதற்கு ஓர் இழை. ஒன்றைப் பழைய குழாயிலேயே ஒட்டிவிட்டு, இன்னொன்றுக்கு இடமில்லை என்று பக்கத்துச் சாலை வழியாகச் சுற்றிக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். என்னிடம் மூச்சுவிடவில்லை. டவரின் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வது நான்தான் என்று அவருக்குத் தெரியாதா என்ன!

அந்தக் கடிகாரம் கேபிள் வழியாகத் தலைமை நிலையத்துக்குத் துண்டு துண்டாகச் செய்தி அனுப்பி, பதில் வாங்கி, தன் நேரத்தைத் திருத்திக்கொள்ளும். போய்வந்த நேரத்தில் சரிபாதியை ஒருவழிப் பயணம் என்று எடுத்துக்கொள்ளும் அப்பாவி அது. ஒரு வழி மட்டும் நீண்டுவிட்டால் கணக்கு தப்பும். தப்பியது. கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு துளிதான், ஆனால் பக்கத்து டவர்கள் பேச வேண்டிய தருணத்தில் எங்கள் டவர் குறுக்கே புகுந்து கத்த அது போதும். வட்டாரம் முழுக்க போன்கள் செத்துக் கிடந்தன.

அந்தப் பாழாய்ப்போன மதியம்தான் எதிரே இருந்த ஆலை தீப்பிடித்தது. உள்ளே சிக்கியவர்களோடு பேச முடியாத கூட்டம் டவரை நோக்கி ஓடிவந்தது. நான் கருவி அறைக்குள் இருந்தேன். வாசலில் நின்ற என் புருஷன் கம்பிக் கதவை இழுத்துச் சாத்தி, என்னை உள்ளிருந்து பூட்டிக்கொள்ளச் சொன்னார். உள்ளே விட்டால் எல்லாவற்றையும் உடைத்துவிடுவார்கள், நீ வேலையைப் பார் என்று சொல்லிவிட்டுக் கதவில் முதுகைக் கொடுத்து நின்றார்.

ஒரு லாரிக்காரன்தான் முதலில் அடித்தான். மகள் ஆலைக்குள் இருக்கிறாளாம். இரும்புக் குழாயால் தோளில் போட்டான், பிறகு முழங்காலில். மற்றவர்கள் கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்துக் கண்மண் தெரியாமல் அடித்தார்கள். ஒவ்வோர் அடிக்கும் கம்பிக் கதவு அதிர்ந்தது.

திரையைப் பார்த்தேன். போய்வரும் நேரம் காலையில் இருந்ததைவிடக் கூடியிருந்தது. ஏதோ ஓர் இழையை மட்டும் சுற்றிவிட்டிருக்கிறார். எவ்வளவு திருத்த வேண்டும் என்று தெரிந்துவிட்டது. கூட்டுவதா கழிப்பதா என்பதுதான் தெரியவில்லை. மாற்றிப் போட்டால் தப்பு இரண்டு மடங்காகும், அவரைக் கொன்றேவிடுவார்கள். கம்பியோடு முகத்தை வைத்துக் கத்தினேன்.

"ஏங்க, சுத்திவிட்டது போற இழையா, வர்ற இழையா?"

அவர் திரும்பினார். முன்பற்கள் இல்லை. வாயிலிருந்து ரத்தம் கொட்டியது.

"வர்றது," என்றார்.

அடுத்த அடி தலையில் விழுந்தது.

திருத்தத்தைப் போட்டேன். கடிகாரம் ஆடி அசைந்து, பொறுமையாக வழிக்கு வந்தது. அதை எட்டி உதைக்க வேண்டும் போல் ஆத்திரம் வந்தது. பிறகு வெளியே ஒரு போன் அடித்தது. இன்னொன்று. அப்புறம் முற்றம் முழுக்க. அடித்த கைகளெல்லாம் போனைக் காதில் வைத்துக்கொண்டு விலகின.

பூட்டைத் திறந்தேன். கதவோடு சேர்ந்து அவரும் சரிந்தார். கன்னத்தைத் தட்டினேன், உலுக்கினேன், பேர் சொல்லிக்கூடக் கூப்பிட்டேன். கண் திறந்துதான் இருந்தது. மூச்சு இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டால் எல்லா இணைப்புகளும் உபயோகத்தில் உள்ளன என்றது ஒரு பெண் குரல். எப்படி இருக்காது? ஊரே பேசிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் லாரிக்காரன். குழாயைக் கீழே போட்டுவிட்டு, அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும், எந்த மாடி, எந்த ஜன்னல் என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"போனை வைய்யா. ஆம்புலன்ஸுக்கு லைன் வேணும்."

"என் பொண்ணும்மா. என் பொண்ணு பேசுறா."

"உன் பொண்ணு பேசுறா. என் புருஷன் பேசமாட்டேங்கிறாரு."

அவன் முதுகைத் திருப்பிக்கொண்டான். நான் குழாயை எடுத்துப் போன் இருந்த கையிலேயே ஓங்கிப் போட்டேன். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. போன் தரையில் விழுந்தும் அந்தப் பெண் அப்பா, அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அந்தப் போன் மேலேயும் ஓர் அடி போட்டேன்.