நான்கு புள்ளிகள்

இல்லாத ஒன்றை வரைபடத்தில் எப்படிக் காட்டுவது என்பது அவளுக்குப் பிடிபடவே இல்லை. பதினாறு வருஷமாக வரைபடம் வரைகிறவள். கிணறு, பாலம், கல்லறை எல்லாவற்றுக்கும் குறி உண்டு. ஆனால் குறி என்றாலே 'இங்கே இருக்கிறது' என்றுதான் பொருள். 'இல்லை' என்பதற்குக் குறி கிடையாது. வீடு வீடாக உணவு கொண்டுபோகிறவர்களைக் கழிப்பறைக்குள் விடும் இடங்களை ஊர் முழுக்க அலைந்து குறித்திருந்தாள். நான்கு புள்ளிகள். மிச்சமெல்லாம் வெள்ளை.

உணவகங்கள் தங்கள் கழிப்பறையைத் திறந்துவிட வேண்டும் என்று உணவு கொண்டுபோகிறவர்களின் சங்கம் கேட்டிருந்தது. நகராட்சிக் கூட்டத்தில் அவள் வரைபடத்தை விரித்ததும் அதிகாரி குனிந்து எண்ணினார். "அதான் நாலு இருக்கேம்மா," என்றார். அடுத்த செவ்வாய்க்கிழமை பார்க்கலாம் என்று எழுந்துவிட்டார்கள்.

அவளுக்கோ அதற்கு முன் வரும் திங்கட்கிழமையே பெரிய கவலையாக இருந்தது. கல் அடைத்து ஒரு சிறுநீரகத்தைப் பறிகொடுத்த கணவன் அன்றைக்கு மறுபடி உணவு கொண்டுபோக வண்டி எடுக்கிறான். வேறு வேலை அமையவில்லை. தண்ணீர் குடிக்காமல் வந்த கல் என்று மருத்துவர் சொன்னதை அவள் அப்போது நம்பவில்லை. தினமும் பாட்டிலை நிரப்பிக் கொடுப்பவள் அவள்தானே. மாலையில் அது நிறைந்தே திரும்பும். காலியானதும் வழியில் பிடித்துக்கொள்கிறான், பொறுப்பான மனுஷன் என்று பக்கத்து வீட்டில் பெருமைகூட அடித்திருக்கிறாள்.

கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தவனிடம் இப்போது கேட்டாள். காலையில் வீட்டில் ஒன்றுக்குப் போனால் அப்புறம் சாயங்காலம் வீட்டில்தான், நடுவில் உதடு நனைக்க ஒரு வாய், எல்லாருக்கும் அதே கதிதான் என்றான்.

"அப்ப பாட்டில் நெறஞ்சு வந்துச்சேங்க?"

"அது நீ ரொப்பிக் குடுத்த தண்ணியேதான். கொட்டிட்டு வந்திருக்கலாம். நீ குடுத்தது, கொட்ட மனசு வரல."

அவள் அடுப்படிக்குப் போய் அந்தப் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு அவள் வரைபடம் கொண்டுபோகவில்லை. முந்தின நாள் மாலை வண்டிகள் வந்து சேரும் முனையில் நின்று, ஒவ்வொருவர் பாட்டிலையும் இருந்தபடியே வாங்கி மூடியை டேப்பால் சுற்றினாள். கிளம்பிய நேரம், திரும்பிய நேரம், குடித்தது எத்தனை வாய் என்று கேட்டு எழுதி ஒட்டினாள். முப்பத்தேழு பாட்டில்களை மேஜையில் ஒரே வரிசையாக அடுக்கினாள். எல்லாவற்றிலும் தண்ணீர் கழுத்தை ஒட்டி நின்றது. கடைசியாக வைத்தது அவனுடையது: எட்டரை மணி. ஏழு மணி. இரண்டு வாய்.