கார்டு எண்ணிய வட்டங்கள்

கஜிவாரா-சான் எனக்கு நல்லது செய்யத்தான் நினைத்தார். நான் ஆய்வேடு எழுதும்போது என் பழைய கம்ப்யூட்டர் திணறுவதைப் பார்த்திருக்கிறார். முன்னோரை நினைக்கும் ஓபோன் விடுமுறைக்கு நான் வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில், என் ஹார்ட் டிஸ்கைக் கழற்றிப் புதிய கம்ப்யூட்டரில் மாட்டிவைத்தார். லேபில் எனக்கு சீனியர்.

டிஸ்கில் மூன்று கோடைக்காலத்து மின்மினிகள் இருந்தன. எந்த ஓடையில், எவ்வளவு இடைவெளி விட்டு மின்னின என்ற பதிவுகள். நகல் கிடையாது.

திரும்பி வந்து புதிய கம்ப்யூட்டரைப் போட்டேன். திரையில் ‘மின்மினி’ என்று நான் டிஸ்குக்கு வைத்த பெயர் வந்தது. அதன் கீழே, உள்ளே எதுவும் இல்லை, புதிதாகத் தயார்செய்யவா என்ற கேள்வி. ஆமாம் என்றால் இருப்பதெல்லாம் அழிந்துவிடும்.

கஜிவாரா-சான் மேசைக்கடியில் வயர்களோடு இருந்தார். ஆமாம் என்று தட்டிவிடலாம் என்றார்.

"அது கொஞ்சம்..." என்று இழுத்தேன். ஜப்பானில் அப்படி இழுத்தாலே மறுப்புதான்.

"கொஞ்ச நேரந்தான் ஆகும்," என்று எழுந்து விசைப்பலகைக்குக் கை நீட்டினார்.

நான் விசைப்பலகையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"வேண்டாம், கஜிவாரா-சான். என்கிட்ட நகல் இல்ல."

அவர் முகம் வெளுத்தது. "அப்போ எல்லாம் போயிடுச்சா?"

பெயர் டிஸ்கின் தொடக்கத்தில் இருக்கிறது. அது தெரிகிறது என்றால் டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். டிஸ்கில் வெளிவட்டத்தில் பதிவுகளை எழுதும் கட்டங்கள் அதிகம், உள்வட்டத்தில் குறைவு. கம்ப்யூட்டருக்கோ எல்லா வட்டமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். அதனால் டிஸ்கையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் கார்டு, வட்டத்துக்கு இத்தனை கட்டம் என்று தானே ஒரு கணக்கு சொல்லிவிடுகிறது. பழைய கார்டு சொன்ன கணக்கு வேறு, புதியது சொல்வது வேறு. இப்போது அடுத்த வட்டம் என்று தேடினால் வேறெங்கோ போய் நிற்கிறது.

"ரெண்டுமே பொய்யா?"

"ரெண்டுமே. ஆனா எழுதும்போது சொன்ன அதே பொய்யச் சொன்னாத்தான் படிக்க முடியும். பழைய கார்டு எங்க?"

பழைய கம்ப்யூட்டருக்குள்ளேயே இருந்தது. அதைக் குப்பை வண்டிக்காக, கழிவு ஸ்டிக்கர் ஒட்டிக் கீழே வைத்திருந்தார். லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் ஓடினோம். வாசலில் ஓர் உடைந்த நாற்காலியும் அதுவும் மட்டும் நின்றன. வண்டி பக்கத்துக் கட்டிடத்தில் ஏற்றிக்கொண்டிருந்தது.

மேலே தூக்கிவந்து டிஸ்கைத் திரும்ப மாட்டினோம். கோப்புகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. கஜிவாரா-சான் குனிந்து மன்னிப்புக் கேட்டார். நிமிர்ந்து மறுபடியும் குனிந்தார். பார்லி டீ ஊற்றிக் கொடுத்தேன்.

"இனிமே நீங்க கொஞ்சம்னு சொன்னா, கையத் தூக்கிட்டு நிக்கிறேன்," என்றார்.

முதல் வேலையாக நகல் எடுக்க உட்கார்ந்தோம். ஃப்ளாப்பிகளை அவர் நீட்ட நீட்ட நான் செருகினேன். கழிவு ஸ்டிக்கரை உரிக்க இருவருக்கும் நினைவில்லை.