புதன்கிழமை டூட்டி சார்ட்

புதன்கிழமை மூன்று மணிக்கு நூலகத்து மாடியில் எங்கள் கூட்டம். மறதி நோய்க்காரர்களும் அவர்களைக் கட்டி மேய்க்கிறவர்களும் கூடுகிற கூட்டம். வந்தவர்களில் பாதிப் பேருக்கு எதற்கு வந்தோம் என்று தெரியாது. மீதிப் பாதிக்குத் தெரியும், அதனால்தான் முகம் அப்படி இருக்கும்.

நடத்துகிறவர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். விசிலை மட்டும் கழுத்திலிருந்து இன்னும் கழற்றவில்லை. டீயும் பிஸ்கட்டும் முடிந்ததும் விசில் அடிப்பார். உடனே கவனித்துக்கொள்கிறவர்கள் எல்லோரும் எழுந்து இடம் மாற வேண்டும். அரை மணி நேரம் என் ஆளோடு வேறொருவர் இருப்பார், நான் இன்னொருவருடைய ஆளோடு இருப்பேன்.

"உங்க ஆளு சொல்ற கதைய நீங்க முந்நூறு தடவ கேட்டாச்சு. மூஞ்சியிலேயே தெரியுது. அடுத்தவங்களுக்கு அது புதுக் கதை. அவங்களாவது வாயப் பொளந்து கேக்கட்டும்" என்பார் விசில் டீச்சர். அந்த அம்மாள் சொல்வதில் பாதி எனக்குப் பிடிக்காது. இது சரிதான்.

என் ஆள் என் வீட்டுக்காரர். பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருஷம் டைம் கீப்பர். எந்த வண்டிக்கு யார் டிரைவர், யார் கண்டக்டர், யாருக்கு என்றைக்கு லீவு என்று வாராவாரம் டூட்டி சார்ட் போடுவதுதான் வேலை. ஆறு நாள் தொடர்ந்து ஓட்டியவனுக்கு ஏழாம் நாள் வண்டி கொடுக்க மாட்டார். மேலதிகாரி வந்து தலைகீழாக நின்றாலும் கொடுக்க மாட்டார். ஒரு கண்டக்டர் தன் தம்பி டூட்டிக்கும் தானே கையெழுத்துப் போட்டு இரண்டு டூட்டி பார்த்ததை, கையெழுத்தின் வாலை மட்டும் வைத்துக் கண்டுபிடித்தவர். அந்தக் கதையைத்தான் நான் முந்நூறு தடவை கேட்டிருக்கிறேன்.

இப்போது அவருக்கு நான் நர்ஸம்மா. ஒன்றரை வருஷமாக அப்படித்தான். முதல் நாள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இரண்டாம் நாள் கத்தினேன். அப்புறம் பழகிவிட்டது. பழகியது என்பதும் பொய்தான், மரத்துப்போய்விட்டது. குளிப்பாட்டுகிறேன், ஊட்டுகிறேன், அவர் விடியற்காலையில் டிப்போவுக்குக் கிளம்பினால் செருப்பை ஒளித்து வைக்கிறேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தால்கூட நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அன்று என் கைப்பையில் ஒரு விண்ணப்பம் இருந்தது. பன்னிரண்டு நாளாக இருக்கிறது. முதியோர் இல்லம் ஒன்றில், இவரைப் போன்றவர்களுக்கான பகுதியில் ஒரு கட்டில் காலி. அன்று ஐந்து மணி வரைதான் எங்களுக்காக வைத்திருப்பார்கள், அப்புறம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். விசில் டீச்சர் சொல்லி வாங்கி வைத்த இடம். எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன், அவருடைய ரத்த வகை உட்பட. "அனுப்புபவருக்கு என்ன உறவு" என்ற கட்டம் மட்டும் காலி. அதற்குக் கீழே கையெழுத்து.

மனைவி என்று எழுத ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் மனைவி என்று எழுதிவிட்டு எப்படி அனுப்புவது? மகளிடம் கேட்டேன். "நீ எது பண்ணாலும் எனக்குச் சம்மதம்மா" என்றாள். நன்றாகத்தான் நழுவினாள்.

விசில் அடித்தது. என் வீட்டுக்காரரிடம், தன் அக்காவைக் கூட்டிக்கொண்டு வருகிற ஒரு பல் டாக்டர் போய் உட்கார்ந்தார். நான் அவருடைய அக்காவிடம் போனேன். அந்த அக்கா தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவர். என்னைப் பார்த்ததும், "நம்பர் சொல்லுங்க" என்றார். வாயில் வந்த ஏதோ ஒரு நம்பரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "மணி அடிக்குது, யாரும் எடுக்கல" என்றார். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.

பல் டாக்டரிடம் அன்று டீ குடிக்கும்போது ஒன்று கேட்டிருந்தேன். "நீங்க போடற மரத்துப்போற ஊசி எவ்வளவு நேரம் நிக்கும் டாக்டர்?"

"ரெண்டு, மூணு மணி நேரம்."

"எனக்கு ஒன்றரை வருஷமா நிக்குது."

அவர் சிரிக்கவில்லை. "மரப்பு விடறப்பதான் வலிக்கும்" என்றார்.

மணி நாலரை இருக்கும். பல் டாக்டர் கையாட்டி என்னைக் கூப்பிட்டார். மேஜையில் ஒரு தாள். என் வீட்டுக்காரர் அளவுகோல் இல்லாமலே நேராகக் கோடு இழுத்து, ஏழு நாளுக்கும் கட்டம் போட்டிருந்தார். காலையில் சட்டையின் எந்தக் கையில் எந்தக் கையை விடுவது என்று தெரியாத மனிதர்.

"உங்களப் பத்தியே பேசிட்டிருந்தார்" என்றார் பல் டாக்டர். "நர்ஸம்மா ராத்திரி பகல் பாக்காம நிக்கறாங்க, எந்த டிப்போவிலயும் இப்படி வேலை வாங்க மாட்டாங்கன்னு ஒரே கோபம்."

என் வீட்டுக்காரர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நர்ஸம்மா, நீங்க கடைசியா லீவு எடுத்தது எப்போ?"

"ஞாபகம் இல்லீங்க."

"எனக்கும் இல்ல. அதான் சார்ட் போட்டேன். பாருங்க."

முதல் வரிசையில் "நர்ஸ்" என்று எழுதி, ஏழு கட்டத்திலும் "லீவு". இரண்டாவது வரிசையில் "வீட்டுக்காரி" என்று எழுதி, ஏழு கட்டத்திலும் "டூட்டி".

"ஏழு நாளும் அவங்களுக்கே போட்டிருக்கீங்களே? ஆறு நாள்தானே கணக்கு?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது.

"அவளுக்கு அதெல்லாம் இல்ல. அவ லீவு கேட்டதே கிடையாது. கையெழுத்துப் போடுங்க."

நர்ஸ் வரிசையின் ஓரத்தில் போட்டேன். அவருக்குப் போதவில்லை. இரண்டாவது வரிசையைத் தட்டினார். "இங்க காலியா இருக்கு. அவ எங்க? அவ போடணும். கையெழுத்து இல்லாத சார்ட் செல்லாது." நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். கதவைப் பார்த்தார். குரல் ஏறியது. அது ஏறினால் இறங்க ஒரு மணி நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். பல் டாக்டர் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். அவர் குடிக்கிற நேரத்தில் நான் பேனாவை எடுத்து இரண்டாவது வரிசையிலும் போட்டுவிட்டேன்.

"அவங்க போட்டாச்சுங்க. பாருங்க."

உட்கார்ந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை முகத்தருகே கொண்டுபோனார். இரண்டு கையெழுத்தின் வாலிலும் விரலை வைத்தார்.

"ரெண்டும் ஒரே ஆள்" என்றார்.

நான் பேனாவை மூடினேன்.

"ஒரே ஆள் ரெண்டு டூட்டி பாக்கக் கூடாதும்மா. உடம்பு தாங்காது. வண்டிய எங்கயாவது கொண்டுபோய் மோதிடுவீங்க." அதட்டவில்லை. முப்பத்தொரு வருஷம் டிரைவர்களிடம் பேசிய அதே குரல். "எதாவது ஒண்ணு சொல்லுங்க. நீங்க நர்ஸா, வீட்டுக்காரியா?"

பல் டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நூலகத்துக் கடிகாரத்தில் மணி நாலு ஐம்பது.

"வீட்டுக்காரி" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. யார் சொன்னாலும் எழுதிக்கொள்வதுபோல எழுதிக்கொண்டார். நர்ஸ் வரிசையைக் கடைசிக் கட்டம் வரை நேராக ஒரே கோடாக அடித்தார். "அப்ப அந்தம்மாவ அனுப்பிடுங்க. பாவம். தூங்கி எத்தன நாளாச்சோ" என்று தாளை என்னிடம் நீட்டினார்.

நர்ஸம்மாவை அனுப்பிவிட்டேன். கைப்பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்து, உறவு என்ற கட்டத்தில் மனைவி என்று எழுதினேன். கீழே அதே கையெழுத்தைப் போட்டேன். எங்கும் வலிக்கவில்லை. விசில் டீச்சர் அதை வாங்கி ஒரு தடவை படித்து, என் தோளைத் தொட்டுவிட்டு இல்லத்துக்குப் போன் பேசப் போனார். இனிமேல் நான் அவரைப் பார்க்கப் போவேன். சீப்பும் துண்டும் மாத்திரை டப்பாவும் இல்லாமல், சும்மா பக்கத்தில் உட்காரப் போவேன். அப்படி உட்கார்ந்து எவ்வளவு நாளாகிறது.

ஐந்து மணிக்கு அவரைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினேன். பாதிப் படியில் எனக்கு எங்கோ வலிக்க ஆரம்பித்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவரும் நின்றார். என்னைத் திரும்பிப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"நர்ஸம்மா, நீங்க இன்னும் கிளம்பலையா?"

"நாளையிலேருந்துதாங்க லீவு" என்றேன்.